மாங்குளத்தில் பொலித்தீன் கூடாரம்: மாரிக்கு முன் என்ன செய்யலாம்?

மாங்குளத்து வளவு

எல்லோருக்கும் வணக்கம். மாங்குளத்தில் எங்களுக்கு அரை ஏக்கர் வளவு இருக்கிறது. செங்கபில மண். கிணறு ஆவணியில் நன்றாக இறங்கும், ஆனால் வற்றுவதில்லை. வீட்டுக்கு மரக்கறி, மிஞ்சினால் சந்தைக்கு என்றுதான் தோட்டம் செய்கிறோம். இந்த முறை 20 அடி அகலம், 40 அடி நீளத்தில் ஒரு பொலித்தீன் கூடாரம் போட நினைத்திருக்கிறேன். கனடாவில் இருக்கும் மச்சான் தன் வீட்டுப் பின்வளவுக் கண்ணாடி வீட்டின் வீடியோவை அனுப்பி, “நாலு பக்கமும் இறுக்கி மூடு, அப்போதுதான் பயன்” என்கிறார். கூடாரம் போட்டுத் தருகிற ஆட்களும் அப்படித்தான் சொல்கிறார்கள். பக்கத்து வீட்டு ஐயா வந்து பார்த்துவிட்டு, “வேண்டாம் தம்பி, வெந்து போகும்” என்றார்.

எந்தப் பக்கம் நிற்பது என்று தெரியவில்லை. அதோடு ஐப்பசி மழை தொடங்கியதும் எங்கள் நாற்றுகள் கழுத்தில் அழுகி வரிசையாக விழுகின்றன. அதற்கும் வழி சொல்லுங்கள். பழமரமும் இந்த மாரியோடு வைக்க ஆசை. அம்மாவுக்குக் கொடித்தோடையும் மாதுளையும் வேண்டுமாம்.

வட்டக்கச்சி வாய்க்கால்

தம்பி, மூடாதீர்கள். உங்கள் பக்கத்து வீட்டு ஐயா சொன்னதுதான் சரி.

வன்னியில் பயிருக்கு வருகிற தொல்லைகள் மூன்று. ஐப்பசியில் இருந்து மார்கழி வரை அடிக்கிற மழை. பங்குனியில் இருந்து புரட்டாசி வரை காய்கிற வெயில். ஆண்டு முழுக்கப் பூச்சி. கூடாரம் மழையைத் தடுக்கும், வலை கட்டினால் பூச்சியையும் தடுக்கும். வெயிலின் சூட்டையோ அது கூட்டித்தான் விடும். பொலித்தீனுக்குள் நுழைந்த வெப்பம் காற்றோட்டம் இல்லாவிட்டால் வெளியே போகாது. சித்திரையில் எங்கள் பக்கம் வெளியிலேயே 35 பாகை இருக்கும். நாலு பக்கமும் மூடிய கூடாரத்துக்குள் அந்த நேரம் மனிதரே நிற்க முடியாது.

தக்காளியை எடுத்துப் பாருங்கள். பகலில் 32 பாகைக்கு மேலே ஏறி, இரவிலும் 22க்குக் கீழே இறங்காமல் இருந்தால் மகரந்தம் கெட்டு, பூ காம்போடு உதிர்ந்துவிடும். செடி பச்சைப் பசேல் என்று வளர்ந்து நிற்கும், காய் இருக்காது. குடை மிளகாயும் அப்படித்தான். நுவரெலியாவில், பண்டாரவளையில் மூடிய கூடாரத்துக்குள் அவை காய்ப்பதைப் பார்த்துவிட்டு இங்கே அதே அளவில் கட்டிக்கொடுக்கிறார்கள். அது மலை, இது வன்னி.

நான் சொல்வது இதுதான்: கூரைக்கு மட்டும் பொலித்தீன், பக்கம் நாலுக்கும் பூச்சி வலை. கூரைப் பொலித்தீன் 200 மைக்ரோன், புற ஊதாக் கதிரைத் தாங்குகிற வகையாக இருக்க வேண்டும்; சாதாரணப் பொலித்தீன் ஒரு கோடையிலேயே பொரிந்து கிழியும். தரையில் இருந்து இரண்டு அடிக்கு மட்டும் பக்கத்தில் பொலித்தீன் பாவாடை கட்டுங்கள், மழைச்சேறு உள்ளே தெறிக்காது. பக்க உயரம் 10 அடிக்குக் குறையவே கூடாது, நடுவில் 14 அடியாவது வேண்டும். முகட்டில் நீளத்துக்கும் ஒரு திறப்பு விடுங்கள், சூடு மேலே ஏறி வெளியே போக. பணம் மிச்சம் பிடிக்கிறோம் என்று உயரத்தைக் குறைக்கிறவர்கள்தான் பிறகு கூடாரத்தைக் கோழிக்குக் கொடுக்கிறார்கள்.

பனிநாட்டுத் தோட்டம்

நான் ரொறன்ரோவில் இருக்கிறேன், ஊர் முள்ளியவளை. உங்கள் மச்சானைப் போல நானும் ஒரு சின்னக் கண்ணாடி வீடு வைத்திருக்கிறேன், அதனால் அந்தப் பக்கத்துக் காரணத்தைச் சொல்கிறேன்.

இங்கே மே மாதம் நடுப்பகுதி வரைக்கும் இரவில் உறைபனி விழலாம், ஒக்ரோபரில் திரும்பவும் வந்துவிடும். இடையில் கிடைக்கிற ஐந்து மாதத்துக்குள் கத்தரி காய்க்க வேண்டும். அதனால் பங்குனியிலேயே வீட்டுக்குள் விளக்கு வெளிச்சத்தில் விதை போட்டு, கடைசி உறைபனிக்கு ஆறு தொடக்கம் எட்டு கிழமைக்கு முன்பு நாற்று வளர்த்து, கண்ணாடி வீட்டில் வைத்துப் பழக்கி, பிறகுதான் நிலத்துக்கு இறக்குகிறோம். இங்கே கண்ணாடி வீடு சூட்டைப் பிடித்து வைக்கிற பெட்டி. ஆடி மாதத்தில் நாங்களே எல்லாக் கதவையும் திறந்துவிட்டு, மேலே நிழல் வலை போடுகிறோம். உங்கள் மச்சானிடம் கேட்டுப் பாருங்கள், அவரும் அப்படித்தான் செய்வார். வீடியோ அனுப்பியது வைகாசியாக இருக்க வேண்டும்.

வன்னியில் பன்னிரண்டு மாதமும் வளருகிற மண்ணும் வெயிலும் இருக்கின்றன. அந்த வெயிலைக் கூட்டுவதற்குக் காசு செலவழிக்க வேண்டாம்.

ஒட்டுசுட்டான் மேடு

வட்டக்கச்சி அண்ணை, முகட்டுத் திறப்பு எந்தத் திசைக்கு? சோழகக் காற்று வைகாசியில் இருந்து ஆவணி வரை தென்மேற்கில் இருந்து அடிக்கும். திறப்பு காற்றுக்கு முதுகு காட்டினால்தான் உள்ளே இருக்கிற சூட்டை அது இழுத்து எடுக்கும், கூரையும் கிளம்பாது. அப்படிப் பார்த்தால் திறப்பு வடகிழக்கைப் பார்க்க வேண்டும். ஆனால் மாரி மழை வடகிழக்கில் இருந்துதானே வாடைக்காற்றோடு வருகிறது? மழையைத் தடுக்கக் கட்டிய கூடாரத்துக்குள் மழையை விட்டது போல ஆகாதா?

வட்டக்கச்சி வாய்க்கால்

நல்ல கேள்வி. வடகிழக்குக்கே வையுங்கள், மேல் கூரையை மட்டும் ஒன்றரை அல்லது இரண்டு அடி நீட்டி விடுங்கள், கீழ்க் கூரை அதற்கு அடியில் போகட்டும். சாரல் கொஞ்சம் வரும், அது பெரிய விஷயம் இல்லை. சுருட்டி விடக்கூடிய ஒரு பொலித்தீன் துண்டைத் திறப்பில் கட்டி வைத்தால் கார்த்திகையில் கடும் மழை நாட்களில் இறக்கலாம். திறப்பிலும் வலை இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பக்கம் முழுக்க வலை கட்டிப் பலன் இல்லை.

இன்னொன்று, 2020 மார்கழியில் புரெவிப் புயல் திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில் கரை ஏறியது நினைவிருக்கும். வன்னியில் புயல் வராது என்று நினைத்துக் கட்டக் கூடாது. தூண் இரண்டு அடியாவது கொங்கிரீட்டில் இறங்க வேண்டும். பொலித்தீனைக் கழற்றி மடிக்கக்கூடிய மாதிரி, பள்ளத்துக்குள் கம்பி அழுத்திப் பூட்டுகிற முறையில் போடச் சொல்லுங்கள். புயல் எச்சரிக்கை வந்தால் பொலித்தீனைக் கழற்றி மடியுங்கள். சட்டம் தப்பினால் மற்றதைத் திரும்ப வாங்கலாம்.

நாற்றுமேடை

அண்ணா, நான் கிளிநொச்சி அறிவியல்நகரில் விவசாய பீடத்தில் படிக்கிறேன். நாற்று அழுகலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் மாரிப் பயிரின் பாதி அங்கேதான் தீர்மானமாகிறது.

கழுத்தில் நீர் கோர்த்து, நூல் போல மெலிந்து விழுகிறது என்றால் அது நாற்றழுகல். பித்தியம், ரைசொக்ரோனியா போன்ற நோய்க்கிருமிகள் மண்ணிலேயே இருக்கின்றன. ஈரமும் நெருக்கமும் காற்றில்லாத நிழலும் சேர்ந்தால் எழும்பும். மருந்து அடிப்பதை விட அந்த மூன்றையும் குறைப்பதுதான் வழி.

முதலில் மேடை. 3 மீற்றர் நீளம், 1 மீற்றர் அகலம், 15 சென்ரிமீற்றர் உயரம் போதும். சுற்றி வடிகால் வெட்டுங்கள். மேடையைத் தொற்று நீக்க இரண்டு முறை இருக்கின்றன. ஒன்று, வைக்கோலையும் உமியையும் மாறி மாறிப் பரப்பி, காற்றுக்கு எதிர்த் திசையில் மெதுவாக எரிய விடுவது. சூடு மேல் மண்ணுக்குள் இறங்கும், சாம்பலும் மிஞ்சும். மற்றது, மேடையை நன்றாக நனைத்து, ஒளி ஊடுருவும் பொலித்தீனால் ஓரம் இறுக மூடி, நாலு தொடக்கம் ஆறு கிழமை வெயிலில் விடுவது. ஆடி, ஆவணி வெயில் அதற்கென்றே இருக்கிற வெயில். இப்போது ஆவணி முடிகிறது, அதனால் இந்த முறைக்கு எரிப்பதுதான் உங்களுக்குக் கைகொடுக்கும்.

விதையைத் தூவாமல் 10 சென்ரிமீற்றர் இடைவெளியில் வரி கீறிப் போடுங்கள். அரைச் சென்ரிமீற்றர் ஆழம் போதும். வைக்கோலால் மூடி, முளை தெரிந்த அன்றே வைக்கோலை எடுத்துவிடுங்கள். ஒரு நாள் பிந்தினாலும் நாற்று வெளிறி நீண்டுவிடும், நீண்ட நாற்றுக்குத்தான் இந்த நோய் கெதியாக வரும். தண்ணீர் காலையில் மட்டும். பின்னேரம் ஊற்றினால் இரவு முழுக்க மேடை ஈரமாக இருக்கும். வளைத்த கம்பிகளை மேடையின் மேல் நட்டு, மழை வரும்போதும் இரவிலும் மட்டும் பொலித்தீனை இழுத்து மூடுங்கள், மழை விட்டதும் திறந்துவிடுங்கள்.

தக்காளியை மூன்று கிழமையில் நடலாம். மிளகாய்க்கும் கத்தரிக்கும் நாலு, ஐந்து கிழமை வேண்டும். கடைசிக் கிழமையில் தண்ணீரைக் குறைத்து, மூடுவதையும் நிறுத்தி நாற்றை வன்மைப்படுத்துங்கள். இதைக் கணக்குப் பார்த்தால் மிளகாய் விதை புரட்டாசி முதல் கிழமைக்குள் விழ வேண்டும். ஐப்பசி முதல் மழைகளில் நட்டு, கார்த்திகைப் பெருமழைக்கு முன் வேர் பிடித்திருந்தால் கன்று தாங்கும். மழை தொடங்கிய பிறகு விதை போடுகிறவர்களுக்குத்தான் ஒவ்வொரு ஆண்டும் நாற்று விழுகிறது.

மாங்குளத்து வளவு

நன்றி தங்கச்சி, இப்படி விளக்கமாக யாரும் சொன்னதில்லை. தட்டில் நாற்றுப் போடுவது எப்படி? கடையில் தும்புத்தூள் கட்டியாக விற்கிறார்கள்.

நாற்றுமேடை

தட்டு நல்லதுதான் அண்ணா, வேர் அறாமல் நடலாம். தும்புத்தூளை முதலில் ஊற வைத்து, இரண்டு மூன்று தரம் நல்ல தண்ணீரில் அலசிப் பிழியுங்கள், அதில் உப்பு இருக்கும். பிறகு அரித்த கூட்டெருவோடு சரிக்குச் சரி கலந்து நிரப்புங்கள். வெறும் தும்புத்தூளில் பசளை இல்லை. இரண்டாவது இலைச் சோடி வரும்போது நாற்று மஞ்சளாகும். குழிக்கு ஒரு விதை. தட்டைத் தரையில் வைக்காமல் உயரமான தட்டியில் வையுங்கள். அடி ஓட்டையால் வேர் வெளியே வந்து காற்றுப் பட்டு நிற்கும், குழிக்குள் வேர் அடர்த்தியாகும். பயிற்றை, வெண்டி, பூசணி, பாகல் எல்லாவற்றையும் நிலத்திலேயே நேரடியாக ஊன்றுங்கள். அவற்றின் வேர் இடம் மாற்றினால் சுணங்கும்.

துணுக்காய் அக்கா

தம்பி, நான் இரண்டு நாளாக வாசித்துக்கொண்டிருக்கிறேன். கூடாரத்தைப் பற்றி எல்லோரும் நல்லதாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் அரை ஏக்கரில் 800 சதுர அடிக்காக இவ்வளவு யோசித்துவிட்டு மிச்ச இடத்தை விட்டுவிடாதீர்கள். வீட்டுச் சட்டியை நிரப்புவது அந்த மிச்ச இடம்தான்.

நாங்கள் 2010இல் திரும்பி வந்து வளவில் இறங்கியபோது நிழலுக்கு ஒரு மரம் நிற்கவில்லை. கிணற்றையும் எல்லைக் கல்லையும் வைத்துத்தான் எங்கள் காணி என்று பிடித்தோம். முதல் மாரிக்கு நான் வைத்தது வேலி நீளத்துக்கு முருங்கைத் தடியும் சீமைக்கிளுவையும். முருங்கை சாப்பாடு தந்தது. சீமைக்கிளுவை இலையை வெட்டி வெட்டி மண்ணுக்குப் போட்டேன். அதில் தழைச்சத்து நிறைய, வெட்ட வெட்டத் தளிர்க்கும். கூட்டெருக் குழிக்கும் அதுதான், மரங்களுக்கு மூடாக்கும் அதுதான். இன்றைக்கு எங்கள் வளவில் காசு கொடுத்து வாங்குகிற பசளை மிகக் குறைவு.

பழமரத்துக்கு இப்போதே குழி வெட்டுங்கள். மாவுக்கு மூன்று அடி நீளம், மூன்று அடி அகலம், மூன்று அடி ஆழம். மேல் மண்ணை ஒரு பக்கம், அடி மண்ணை ஒரு பக்கம் போட்டு வெயிலில் விடுங்கள். மூடும்போது அடியில் பொச்சுமட்டையை இரண்டு வரி நார்ப்பக்கம் மேலே பார்க்க அடுக்கி, மேல் மண்ணும் மாட்டெருவும் கலந்து நிரப்புங்கள். பொச்சுமட்டை மாரித் தண்ணீரைக் குடித்து வைத்துக் கோடையில் கொடுக்கும். கறுத்தக்கொழும்பான் ஒட்டுக்கன்று வாங்கினால் ஒட்டு மண்ணுக்கு மேலே நிற்க வேண்டும், ஒட்டுக்குக் கீழே வருகிற தளிரைக் கிள்ளி எறியுங்கள்.

பப்பாசியை மேட்டில் வையுங்கள். ஒன்றரை நாள், இரண்டு நாள் தண்ணீர் நின்றாலே வேர் அழுகிச் சாய்ந்துவிடும். நாட்டுப் பப்பாசி என்றால் குழிக்கு மூன்று கன்று வைத்து, பூத்த பிறகு ஆண் மரங்களை வெட்டி, பத்துப் பதினைந்து மரத்துக்கு ஒன்றை மட்டும் விடுங்கள். வாழையைக் குளிக்கிற தண்ணீர் ஓடுகிற பக்கம் வையுங்கள். மாதுளைக்கு வன்னி வெயில் நன்றாகப் பிடிக்கும். காய் பெருக்கும் நேரம் தண்ணீர் ஒரு நாள் நிறைய, பிறகு பல நாள் இல்லை என்று விட்டால் வெடித்துவிடும். கொஞ்சம் கொஞ்சமாக ஒழுங்காக ஊற்றச் சொல்லுங்கள் அம்மாவிடம். கொடித்தோடையை முகட்டில் படரவிடாமல் தனிப் பந்தலில் ஏற்றுங்கள். மஞ்சள் வகை என்றால் ஒரு கொடி மட்டும் வைத்துக் காய்க்காது, வெவ்வேறு விதையில் வந்த இரண்டு மூன்று கொடி வேண்டும். அதற்குக் கருவண்டுதான் மகரந்தம் சேர்க்கிறது. பட்டுப்போன மரத்தடி ஒன்றைப் பந்தலுக்குப் பக்கத்தில் போட்டு வைத்தால் வண்டு துளைத்துக் குடியிருக்கும்.

கீரைக்குப் பெரிய இடம் வேண்டாம். கிணற்றடியில் வல்லாரை, பொன்னாங்காணி. வேலியில் பசளி. இவ்வளவும் இருந்தால் கூடாரம் வீட்டுச் செலவைத் தாங்க வேண்டிய தேவை இல்லை, அது விற்பனைக்கு இருக்கட்டும்.

மாங்குளத்து வளவு

அக்கா, கைகூப்பி நன்றி. குழி வெட்ட நாளைக்கே ஆள் பிடிக்கிறேன். கூடாரத்தை 16க்கு 30 அடியாகக் குறைக்கலாம் என்றும் யோசிக்கிறேன். மிஞ்சுகிற காசில் சொட்டுநீர் போடலாம்.

முருங்கன் மண்

சொட்டுநீர் என்றதால் வருகிறேன். போட முன் கிணற்றுத் தண்ணீரைச் சோதியுங்கள். எங்கள் பக்கம் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். கேத்தல் அடியில் வெள்ளை படிகிறது என்றால் சொட்டி வாயிலும் அதே படியும், ஒரு கோடையில் பாதி அடைத்துவிடும். வடிகட்டி கட்டாயம். குழாய்களின் கடைசி முனையைக் கிழமைக்கு ஒரு தரம் திறந்து தண்ணீரைப் பாய விடுங்கள். அடைத்த சொட்டிகளைக் கழற்றி வினாகிரியில் ஊற வைத்தால் சுண்ணாம்பு கரையும்.

கூடாரத்துக்குள் இன்னொரு சிக்கல் இருக்கிறது. அதைப் பற்றி யாரும் கதைக்கவில்லை. கூரைக்குக் கீழே மழை விழாது. வெளித் தோட்டத்தில் ஆண்டு முழுக்கச் சேர்கிற உப்பை மாரி மழை கழுவி இறக்கிவிடும். கூடார மண்ணில் அது நடக்காது. தண்ணீர் ஆவியாகும், உப்பு மேலே நிற்கும். பாத்தி ஓரத்தில் வெள்ளைப் பொருக்கு தெரிந்தால் அதுதான். பயிர் இல்லாத ஒரு மாரியில் பொலித்தீனைக் கழற்றி மண்ணை நனைய விடுவது நல்லது. கூரைத் தண்ணீரைப் பீலி வைத்துத் தாங்கியில் பிடித்து நாற்றுக்கு ஊற்றினால் அதை விடச் சிறந்த தண்ணீர் இல்லை. நாற்றுக்கு உப்புத் தாங்காது.

சாம்பல் பற்றியும் ஒரு வார்த்தை. பொற்றாசியத்துக்கு அடுப்புச் சாம்பல் நல்லது. ஆனால் அது மண்ணின் காரத்தைக் கூட்டும். எங்கள் கரிசல் மண் ஏற்கெனவே காரம், அதில் சாம்பலைக் கொட்டினால் இரும்புச்சத்து கிடைக்காமல் குருத்து இலை வெளிறும், நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். மாங்குளத்துச் செங்கபில மண்ணுக்கு அளவாகப் போடலாம், மண்ணைச் சோதித்துவிட்டுப் போடுங்கள். விவசாயப் போதனாசிரியரிடம் மாதிரி கொடுக்கலாம். விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு அழைத்தாலும் வழி சொல்வார்கள்.

ஒட்டுசுட்டான் மேடு

முழுக்கச் சேதனப் பசளையில் கூடாரத் தக்காளி செய்யலாமா? 2021இல் அரசாங்கம் இரசாயன உரத்தை ஒரேயடியாக நிறுத்தியபோது எங்கள் பக்கம் நெல்லும் போய் மரக்கறியும் போனது. அதற்குப் பிறகு சேதனம் என்றாலே வீட்டில் பயப்படுகிறார்கள்.

துணுக்காய் அக்கா

பயம் நியாயம். அது நாடு முழுக்க, ஆயத்தம் இல்லாமல், ஒரு போகத்துக்குள் செய்யச் சொன்னது. வளவு வேறு. வளவில் எருவை நீங்களே பல ஆண்டாகச் சேர்க்கிறீர்கள், அளவும் சிறியது. வீட்டுத் தோட்டத்துக்கு மாட்டெரு, ஆட்டெரு, இலைதழை தாராளமாகப் போதும். சந்தைக்குக் கூடாரத்தில் கொத்துக் கொத்தாகத் தக்காளி எடுக்க வேண்டுமென்றால் காய்க்கும் நேரம் அளந்து உரம் கொடுங்கள், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. எருவைப் போட்டுவிட்டு அதற்கு மேல் உரம் போட்டால் உரமும் குறைவாகத்தான் தேவைப்படும்.

மாங்குளத்து வளவு

இரண்டு நோய்க் கேள்வி. போன ஆண்டு மிளகாய் இலை எல்லாம் சுருண்டது. தக்காளி, பச்சையாக நிற்கும்போதே ஒரு மத்தியானத்தில் வாடி, திரும்ப எழும்பவில்லை. இரண்டுக்கும் ஒரே மருந்தைக் கடையில் தந்தார்கள்.

நாற்றுமேடை

அண்ணா, இலை எந்தப் பக்கம் சுருண்டது என்று பார்க்க வேண்டும். ஓரம் மேல் நோக்கி, வள்ளம் போலச் சுருண்டால் பனிப்பூச்சி. கீழ் நோக்கிச் சுருண்டு, காம்பு நீண்டு, இலை தடித்தால் சிற்றுண்ணி. இலை சிறுத்து, மஞ்சள் படர்ந்து, செடி குட்டையாக நின்றால் வெண் ஈ கொண்டுவந்த வைரசு. பூச்சிக்கு அடிக்கிற மருந்து பெரும்பாலும் சிற்றுண்ணிக்கு வேலை செய்யாது, அதற்குக் கந்தகம் வேண்டும், அதையும் வெயில் நேரத்தில் அடிக்கக் கூடாது. வைரசுக்கு மருந்தே இல்லை, செடியைப் பிடுங்கி எரிக்க வேண்டும்.

ஆரம்பத்திலேயே வேப்பங்கொட்டைச் சாறு அடித்து வந்தால் நல்ல பாதுகாப்பு. ஓடு நீக்கிய பருப்பு 50 கிராமை இடித்து, ஒரு லீற்றர் தண்ணீரில் இரவு முழுக்க ஊற வைத்து, துணியில் வடித்து, கொஞ்சம் சவர்க்காரம் கலந்து பின்னேரத்தில் அடியுங்கள். வெயில் பட்டால் அதன் சக்தி கெதியாகப் போய்விடும். இலையின் அடிப்பக்கம் நனைய வேண்டும். வலையைப் பற்றியும் சொல்ல வேண்டும்: அங்குலத்துக்கு 50 கண் உள்ள வலை வெண் ஈயைத் தடுக்கும், பனிப்பூச்சி அதற்குள்ளும் நுழையும். கூடாரத்துக்கு இரட்டைக் கதவு வையுங்கள், ஒன்றை மூடிய பிறகு மற்றதைத் திறக்கிற மாதிரி.

தக்காளிக்கு வந்தது பக்ரீரியா வாடலாக இருக்கலாம். அடுத்த முறை வாடிய செடியின் தண்டைத் தரைக்குக் கிட்ட வெட்டி, கண்ணாடிக் கோப்பைத் தண்ணீரில் முனையைத் தொங்க விடுங்கள். சில நிமிடத்தில் பால் போல ஒரு இழை இறங்கினால் அதுதான். அந்தப் பாத்தியில் தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றையும் இரண்டு மூன்று ஆண்டு வைக்காதீர்கள். சோளம், வெங்காயம் வையுங்கள். கூடாரத்துக்குள் இடம் மாற்ற முடியாது என்றால் ஒட்டு நாற்றுத்தான் வழி. வாடலைத் தாங்குகிற கத்தரி வகையில் தக்காளியை ஒட்டினால் வெள்ளத்தையும் ஓரளவு தாங்கும். கையில் பழகிவிட்டால் கடினம் இல்லை.

பனிநாட்டுத் தோட்டம்

வலைக்குள் வைக்கும் கொடிகளைப் பற்றி ஒன்று. பூச்சியை அடைத்தால் தேனீயும் அடைபடும். தக்காளிக்குப் பூங்கொத்தைக் காலையில் தட்டிவிட்டால் போதும். சலாது வெள்ளரியில் மகரந்தம் இல்லாமலே காய்க்கிற வகைகள் இருக்கின்றன, கூடாரத்துக்கு அதையே கேட்டு வாங்குங்கள். மற்றக் கொடிகளை வெளியே விடுங்கள்.

துணுக்காய் அக்கா

வெளியேயும் தேனீ குறைந்த நாட்களில் நான் கையால் சேர்ப்பேன். நேரம் முக்கியம். பூசணியும் பாகலும் விடியப் பூக்கும், எட்டு மணிக்கு முன் செய்ய வேண்டும். சுரையும் புடோலும் பீர்க்கும் பின்னேரம் பொழுதுபடப் பூக்கும். ஆண் பூவைப் பறித்து, இதழை உரித்து, காய்ப் பிஞ்சு உள்ள பெண் பூவில் தொட்டுவிடுங்கள். முதல் இரண்டு கிழமை ஆண் பூ மட்டும் வந்தால் பயப்பட வேண்டாம், அப்படித்தான் தொடங்கும்.

பிஞ்சைப் பழ ஈ குத்தாமல் காகிதப் பையால் மூடுங்கள். மாவுக்கும் கொய்யாவுக்கும் துளசி இலையைக் கசக்கிப் போத்தலில் தொங்க விட்டால் ஆண் ஈக்கள் வந்து விழும். பாகலுக்கு வருகிற ஈ வேறு, அதற்குத் துளசி சரிவராது, பை கட்டத்தான் வேண்டும்.

ஒட்டுசுட்டான் மேடு

இவ்வளவும் செய்து, கடைசியில் குரங்குக்கும் மயிலுக்கும் கொடுக்கிறோம். அதற்கு யாரிடமாவது வழி இருக்கிறதா? மயில் நாற்றைக் கொத்துகிறது, குரங்கு தக்காளியை ஒரு கடி கடித்துவிட்டு எறிகிறது. யானைக்காக வாழை வைப்பதையே விட்டுவிட்டோம்.

வட்டக்கச்சி வாய்க்கால்

மயிலுக்கு, நட்டு முதல் மூன்று கிழமை மேடைக்கு மேலே பழைய மீன் வலையை இரண்டு அடி உயரத்தில் இழுத்துக் கட்டினால் போதும். செடி உயர்ந்த பிறகு அது நாற்றைக் கொத்தாது. குரங்குக்குப் பூச்சி வலை தாங்காது, கிழித்துக்கொண்டு நுழையும். பக்கத்தில் கோழிக்கூட்டுக் கம்பி வலையை வெளியால் அடிக்க வேண்டும். செலவுதான், ஆனால் கூடாரத்தைச் சிறிதாக்கினால் முடியும். மரக்கிளை கூரைக்கு மேல் நீண்டால் வெட்டுங்கள், அங்கிருந்துதான் குதிக்கும்.

யானைக்கு என்னிடம் முழு மருந்து இல்லை. வாழையையும் பலாவையும் கூடாரத்துக்குக் கிட்ட வைக்காதீர்கள், வீட்டுக்குக் கிட்ட வெளிச்சம் படுகிற இடத்தில் வையுங்கள். எல்லைப் பக்கம் தேசி, தோடை வைக்கலாம். யானை அவற்றை விரும்பாது. வஸ்கமுவப் பக்கம் தோடை மரங்களையே வேலி மாதிரி வைத்துப் பார்த்திருக்கிறார்கள். மரம் வளர ஆண்டுகள் எடுக்கும், காயை நீங்கள் விற்கலாம்.

மாங்குளத்து வளவு

தேசிக் கன்றும் பட்டியலில் சேர்க்கிறேன் ஐயா. விதை பற்றி ஒரு கடைசிக் கேள்வி. ஹைபிரிட் தக்காளி விதைப் பைக்கற் விலை கையைக் கடிக்கிறது. அதில் காய்த்த பழத்தின் விதையை எடுத்துப் போடலாமா?

நாற்றுமேடை

போடலாம், முளைக்கும், ஆனால் தாய் போல இருக்காது அண்ணா. ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் காய்க்கும், நோய் தாங்குவதும் கலைந்துவிடும். கூடாரத்துக்கு ஹைபிரிட் வாங்குங்கள், வெளித் தோட்டத்துக்குத் திணைக்களத்தின் திலின, ராஜித போன்ற தக்காளியும், தின்னவேலிக் கத்தரியும், ஹரித வெண்டியும், எம்.ஐ. 2, கே.ஏ. 2 மிளகாயும் எடுத்தால் விதையை நீங்களே வைத்துக்கொள்ளலாம். தக்காளி பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்க்கும், அதனால் கலப்பு குறைவு. கத்தரியும் மிளகாயும் வெண்டியும் பக்கத்து வகையோடு கலக்கும். விதைக்கு விடுகிற செடியைத் தள்ளி வையுங்கள், அல்லது பூவை மெல்லிய துணிப் பையால் மூடிவிடுங்கள்.

பழுத்த தக்காளியின் சாற்றோடு விதையை ஒரு கோப்பையில் இரண்டு நாள் புளிக்க விடுங்கள். வழுவழுப்பு கழன்று நல்ல விதை அடியில் இறங்கும், கழுவி நிழலில் காய வையுங்கள்.

துணுக்காய் அக்கா

வெண்டியைச் செடியிலும் பயிற்றையைக் கொடியிலும் காய விட்டு, அடுப்புப் புகட்டுக்கு மேலே கட்டித் தொங்க விடுவோம். பயிற்றை விதைக்குச் சாம்பல் கலந்து போத்தலில் இறுக மூடினால் வண்டு அடிக்காது. தம்பி, எங்களிடம் நாட்டுச் சுரை விதையும் வெள்ளைப் பாகல் விதையும் நிறைய இருக்கின்றன. முருங்கைத் தடியும் தரலாம். புரட்டாசி பிறந்ததும் துணுக்காய்ப் பக்கம் ஒருக்கால் வந்து எடுத்துக்கொண்டு போங்கள். வரும்போது ஈரச் சாக்கு ஒன்று கொண்டுவாருங்கள், தடி காயக் கூடாது.